எண்பத்தெட்டுக்கு ஐம்பத்தைந்து

அகலத்தை மூன்று இடத்தில் அளக்கணும்.
மேலே, நடுவே, கீழே.
மூன்றும் ஒன்றாக இருக்கும் வீட்டை
ஃபர்வானியாவில் நான் இன்னும் பார்க்கவில்லை.
எது சிறியதோ அதை எழுதிக்கொள்ளணும்.
அதிலும் இருபுறமும் அஞ்சு மில்லி விடணும்,
ஆகஸ்டில் அலுமினியத்துக்கும் மூச்சு முட்டும்.

ஐந்தாம் மாடி. லிஃப்ட் நாலோடு நின்றுவிடும் கட்டடம்.
கதவைத் திறந்த சுஜிலா
இரவு டியூட்டி முடிந்து
ஒரு கால் செருப்பைத்தான் கழற்றியிருந்தார்.
படுக்கையறை ஜன்னல் முழுக்க
சப்பாத்தி சுற்றும் வெள்ளித்தாள்,
ஓரமெல்லாம் ஆஸ்பத்திரி பிளாஸ்திரி,
உரித்தால் பெயின்ட்டோடு வருகிற ரகம்.
"பகல் வெளியே நிக்கணும் தம்பி.
புழுதியும் நின்னா சந்தோஷம்."

ஜன்னல் ஓடும் தடத்தில் பிரஷ்ஷை விட்டேன்.
பால்பவுடர் மாதிரி பத்து வருஷத்துப் புழுதி,
துருப்பிடித்த ஹேர்பின், பாதி சிவப்பு கிரையான்.
"எனக்கு முன்னால இருந்தவங்களோடது" என்றார்.
கிரையானை மட்டும் கழுவி
ஃபிரிட்ஜ் மேல் வைத்தார்.

சமையலறை ஜன்னல் சின்னது.
அகலம் ஐம்பத்தைந்து, உயரம் எழுபத்தேழு.
சிகரெட் அட்டையின் உள்பக்கம் எழுதினேன், அரபி எண்ணில்.
பட்டறையில் அறுக்கிற நிதாலுக்கு
வேறு எண் கண்ணில் ஏறாது.

பொருத்தப் போன அன்று
பழைய சட்டத்தை நெம்பி எடுத்ததும்
படுக்கையறை சட்டென்று தெருவாகிவிட்டது.
ஐஸ்கிரீம் வண்டி மணி, யாரோ யாரையோ திட்டும் பெங்காலி,
கட்டில் விரிப்பில் முதன்முறையாக வெயில்.
சுஜிலா நடையில் பிளாஸ்டிக் நாற்காலியில்
யூனிஃபார்மோடு தூங்கிக்கொண்டிருந்தார்.
டிரில் சுவரைக் குடைந்தது,
இமைகூட அசையவில்லை.
ஆப்பு வைத்து, ரசமட்டம் பார்த்து,
குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை
நானும் மூச்சுவிடவில்லை.

சமையலறைக் கண்ணாடிதான் நுழையவில்லை.
பதினோரு சென்டி உயரம் கூடுதல்.
மறுபடி அளந்தேன். அட்டையைப் பார்த்தேன்.
அட்டையைத் திருப்பிப் பிடித்தேன்.

அரபியில் ஏழு, வாய் மேலே திறந்த ஆப்பு.
அதே ஆப்பு கவிழ்ந்தால் எட்டு.
ஐந்து ஒரு முட்டை, எப்படி உருட்டினாலும் முட்டை.
நிதால் அட்டையைத் தலைகீழாக வைத்து
டீ குடித்திருக்கிறான்.

"மருந்துச் சீட்டுல இப்படிப் படிச்சா
என்னைப் பிளேன் ஏத்தி அனுப்பிடுவாங்க"
என்று சொல்லிவிட்டு, டிவி வந்த அட்டைப்பெட்டியை
அவரே கிழித்துக் கொடுத்தார்.
ஓட்டையை அடைத்துவிட்டு இறங்கினேன்.

அன்று ராத்திரிதானா வரணும் அந்தக் காற்று.
தெருவிளக்கு செம்மஞ்சளாகி, பிறகு காணாமலே போனது.
விடிந்ததும் அவர் ஃபோனிலிருந்து ஒரு படம்.
அடுப்பு மேடையெல்லாம் மண்,
மண்ணில் விரலால் ஏழு, பக்கத்தில் இன்னொரு ஏழு.
கீழே நீளமாக ஒரு கோடு,
எது அடிப்பக்கம் என்று தெரிய.

நிதாலுக்குத் திட்டு, எனக்கு நாலு தினார் பிடித்தம்.
கையெழுத்து என்னுடையதாம்.
அப்படியானால் கண்ணாடியும் என்னுடையது என்றேன்.
முதலாளி மறுக்கவில்லை. யாருக்கு வேண்டும்
எண்பத்தெட்டுக்கு ஐம்பத்தைந்து?

போர்வையில் சுற்றி பஸ்ஸில் மடியில் வைத்து
ஹசாவிக்குக் கொண்டுவந்தேன்.
ஆறு கட்டில், ஒரு ஏசி, ஜன்னல் கிடையாது.
பழக்கதோஷம், சாய்க்கும் முன் தடுப்பை அளந்தேன்,
மேலே, நடுவே, கீழே.
மூன்றும் ஒன்று.
பிளைவுட் அல்லவா.

கீழ்க்கட்டில் லோக்ராஜ் கேட்டான்,
இதில் எது வெளிப்பக்கம்?
வெளிச்சம் இருக்கிற பக்கம் முகம் காட்டும் என்றேன்.
எங்களுக்கு இருப்பது ஒரே பல்பு.
அவன் சீப்பை எடுத்துக்கொண்டு
அதன் முன்னால் குந்தினான்.